நர்ஸிங்கா, லேபா, பார்மஸியா? வடசென்னைப் பிள்ளைகள் எதை எடுக்கலாம்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில் தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடிப் பக்கம் உயிரியல் பிரிவு படித்த பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் எல்லாம் ஒரே பேச்சுதான். டாக்டர் சீட் கைக்கு வராது என்று தெரிந்துவிட்டது. ஆனாலும் ஆஸ்பத்திரி வேலைக்குத்தான் போக வேண்டும் என்று பிள்ளை பிடிவாதமாக இருக்கிறது. நர்ஸிங் போடலாமா, லேப் டெக்னீசியனா, எக்ஸ்ரேவா, பார்மஸியா, ஃபிசியோவா? நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவள். இந்த எல்லாத் துறைக்காரர்களோடும் தினமும் பழகுகிறேன். "அக்கா, பாப்பாவ எதுல போடலாம்?" என்று கேட்டு வருகிறவர்களிடம் சொல்வதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படிப்பின் பெயரைவிட, படிக்கிற காலத்தில் பிள்ளை எத்தனை நோயாளிகளைத் தொட்டுப் பழகப்போகிறது என்பதுதான் பெரிய விஷயம். கூட்டம் நிறைந்த ஆஸ்பத்திரியில் படித்த டிப்ளமோக்காரரையும், வார்டு காலியாகக் கிடக்கும் இடத்தில் படித்த டிகிரிக்காரரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் முதல் வாரத்திலேயே வித்தியாசம் தெரிந்துவிடும்.

இந்த விஷயத்தில் வடசென்னைக்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள். பழைய வண்ணாரப்பேட்டையில் ஸ்டான்லி இருக்கிறது. 1782 பஞ்சத்தில் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்தில் தொடங்கியதால் பெரியவர்கள் அதைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றே சொல்வார்கள். 1938-இல் மருத்துவக் கல்லூரியானது. கை அறுவை சிகிச்சைக்கு என்றே அங்கே தனிப் பிரிவு உண்டு. பிரசவத்துக்கு ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். தொற்றுநோய்க்குத் தண்டையார்பேட்டை. மெட்ரோவில் ஏறினால் சென்ட்ரல் எதிரே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை. மாநிலத்தின் மற்ற மூலைகளிலிருந்து பிள்ளைகள் ஹாஸ்டல் எடுத்துத் தங்கிப் படிக்கும் இடங்கள் நமக்கு வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கின்றன. அதனால் அரசுக் கல்லூரியில் இடம் கிடைக்கிற மார்க் இருந்தால், எந்தப் படிப்பு என்பதைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்தாவது அந்த இடத்தைப் பிடியுங்கள் என்பேன்.

சரி, ஒவ்வொன்றாக வருவோம்.

பி.எஸ்சி. நர்ஸிங் நான்கு வருடம். முடித்ததும் தமிழ்நாடு நர்ஸ்கள் மற்றும் தாதியர் கவுன்சிலில் பதிவு. இந்தப் பதிவுக்கு நாடு முழுக்க மதிப்பு உண்டு; இந்திய நர்ஸிங் கவுன்சில் சட்டம் 1947-இல் வந்தது. அத்தனை பழமையான, உறுதியான அங்கீகாரம் மற்ற துறைகளில் பார்மஸிக்கு மட்டும்தான் இருக்கிறது. நர்ஸிங்கின் பலம் என்னவென்றால், ஒரு கதவு அடைத்தால் பத்து கதவு திறக்கும். ஐசியூ, ஆபரேஷன் தியேட்டர், பிரசவ வார்டு, டயாலிசிஸ், பள்ளி, தொழிற்சாலை, காப்பீட்டு அலுவலகம், நர்ஸிங் கல்லூரி ஆசிரியர் என எங்கேயும் நகரலாம். லேப் படித்தவர் லேபிலேயே இருக்க வேண்டும். டயாலிசிஸ் படித்தவர் அந்த மெஷின் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

அதன் கஷ்டத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நைட் டியூட்டி முடிகிற காலை நேரத்தில் ஒரு வார்டில் நின்று பாருங்கள். ராத்திரி முழுக்க நின்ற சிஸ்டர், கேஸ் ஷீட்டைக் கையில் வைத்துக்கொண்டு கட்டில் கட்டிலாக அடுத்த ஷிப்டுக்கு ஒப்படைப்பார். இவருக்கு ஒரு மணிக்கு காய்ச்சல் வந்தது, இந்த ஊசி போட்டேன். இவருக்கு யூரின் அளவு இவ்வளவுதான், டாக்டரிடம் சொல்லியாச்சு. இந்த அம்மாவுக்கு ஆறு மணி மருந்து பாக்கி. ஒரு வரி விட்டுப்போனால் ஒருவர் உடம்புக்கு ஆபத்து. அவ்வளவு களைப்பிலும் அந்தக் கவனம் வேண்டும். உங்கள் பிள்ளைக்கு ரத்தம், மலம், வாந்தி பார்த்தால் ஒரு மாதிரி வருகிறதா என்று பயப்படாதீர்கள், அது பழகிவிடும். கோபத்தில் கத்துகிற நோயாளியின் உறவினரிடம் நிதானமாகப் பேச முடியுமா என்று பாருங்கள். அது எல்லோருக்கும் வருவதில்லை.

சம்பளம் தனியார் மருத்துவமனையில் ஆரம்பத்தில் குறைவு. அரசு வேலைக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம், அதாவது எம்ஆர்பி, தேர்வு வைக்கும். தேர்வானவர்கள் பல வருடம் தொகுப்பூதியத்தில் இருந்து பணி நிரந்தரத்துக்காகப் போராடியதை நாம் செய்தியில் பார்த்திருக்கிறோம். அப்படியும் நர்ஸிங்கை நான் முதலில் வைப்பதற்குக் காரணம் வெளிநாடு. வளைகுடா நாடுகளுக்கு ப்ரோமெட்ரிக் மாதிரித் தேர்வுகள், பிரிட்டனுக்கு ஓஇடி அல்லது ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வு, ஜெர்மனிக்கு ஜெர்மன் மொழி. படிக்கும்போதே மொழியைத் தொடங்கிவிட்டால், முடித்து இரண்டு வருட அனுபவத்தோடு கிளம்பலாம். ஏஜென்ட்டிடம் லட்சக்கணக்கில் கொடுக்கும் முன், தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தின் அறிவிப்புகளைப் பாருங்கள். பையன்களும் நர்ஸிங் படிக்கலாம். ஐசியூவிலும் மனநல வார்டிலும் அவர்களின் தேவை அதிகம்.

பி.எஸ்சி. இடம் கிடைக்கவில்லை என்றால் ஜிஎன்எம் டிப்ளமோ மூன்று வருடம். அதுவும் அதே கவுன்சில் பதிவுதான். பின்னால் இரண்டு வருட போஸ்ட் பேசிக் படித்து டிகிரி ஆக்கிக்கொள்ளலாம். ஜிஎன்எம் என்றால் மட்டம் என்று நினைக்கிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. அந்த எண்ணத்தை விடுங்கள்.

அடுத்து என் துறை, லேப். வெளியில் இருந்து பார்த்தால் எல்லாம் மெஷின் செய்கிறது, நாம் பட்டனை அழுத்துகிறோம் என்று தோன்றும். வேலை மெஷினுக்கு முன்னாலேயே தொடங்கிவிடுகிறது. ரத்தம் எடுக்கும்போது நீல மூடிக் குழாய் முதலில், சிவப்போ மஞ்சளோ அப்புறம், ஊதா அதற்கப்புறம், சாம்பல் கடைசி. ஊதாக் குழாயில் இருக்கிற, ரத்தம் உறையாமல் தடுக்கிற மருந்து ஒரு துளி அடுத்த குழாயில் கலந்தால் பொட்டாசியம் ஏறி, கால்சியம் இறங்கிக் காட்டும். நீலக் குழாயில் ஒன்பது பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு மருந்து என்று கணக்கு. கோடு வரை நிரப்பாமல் விட்டால் ரத்தம் உறையும் நேரம் தப்பாக வரும். ஊசியை அவசரமாக இழுத்தால் சிவப்பணு உடைந்து, நல்ல ஆளுக்குப் பொட்டாசியம் கூடுதல் என்று ரிப்போர்ட் போகும். அந்த ரிப்போர்ட்டை நம்பி டாக்டர் மருந்து எழுதுவார். இந்தப் பொறுப்பு பிடித்திருந்தால் லேப் நல்ல வேலை. கூட்டத்தோடு பேசத் தயங்குகிற, ஆனால் ஒரு காரியத்தை அழுத்தமாக, ஒழுங்காகச் செய்கிற பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமானது கிடையாது.

குறையும் உண்டு. லேப் படித்தவர்கள் நிறைய பேர். சின்ன லேப்களில் சம்பளம் ரொம்பக் குறைவு. பெரிய ஆஸ்பத்திரி லேப், மைக்ரோபயாலஜி, ரத்த வங்கி என்று ஒரு பிரிவில் கை தேர்ந்தால்தான் மேலே போக முடியும்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். ஆர்ட்ஸ் கல்லூரியில் மைக்ரோபயாலஜி, பயோகெமிஸ்ட்ரி படித்தால் லேப் டெக்னீசியன் ஆகிவிடலாம் என்று பலர் சேர்க்கிறார்கள். அவை நல்ல படிப்புகள்தான். எம்.எஸ்சி., ஆராய்ச்சி, மருந்துக் கம்பெனி என்று போகலாம். ஆனால் ஆஸ்பத்திரி லேபுக்கான படிப்பு மெடிக்கல் லேப் டெக்னாலஜி. அரசுப் பணியிடத்துக்கு அதைத்தான் கேட்பார்கள். மூன்று வருடம் படித்த பிறகு இது தெரிந்து அழுத பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். யாரும் அவர்களுக்கு முன்னாடியே சொல்லவில்லை.

எக்ஸ்ரே, ஸ்கேன் படிப்பு என்று நாம் சொல்கிற ரேடியோகிராபியை இப்போதைய நிலையில் நான் லேபுக்கு ஒரு படி மேலே வைக்கிறேன். சிடி, எம்ஆர்ஐ மெஷின்கள் பெருகிக்கொண்டே போகின்றன. அவற்றை ஓட்டத் தெரிந்த ஆள் வேண்டும். கதிர்வீச்சுக்குப் பயந்து வீட்டில் வேண்டாம் என்பார்கள். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதிப்படி எக்ஸ்ரே அறையில் வேலை செய்பவர்கள் நெஞ்சில் ஒரு பேட்ஜ் அணிய வேண்டும். எவ்வளவு கதிர் பட்டது என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதை ஆய்வுக்கு அனுப்பிப் பார்ப்பார்கள். ஈய ஏப்ரன், தடுப்புச் சுவர் எல்லாம் ஒழுங்காக உள்ள இடத்தில் பயப்பட ஒன்றும் இல்லை. பேட்ஜே கொடுக்காத ஸ்கேன் சென்டரில் வேலைக்குச் சேராதீர்கள். எம்ஆர்ஐயில் எக்ஸ்ரே கதிரே கிடையாது, காந்தம்தான்.

டயாலிசிஸ், ஆபரேஷன் தியேட்டர், கார்டியாக், ரெஸ்பிரேட்டரி படிப்புகள் எல்லாம் ஒரே மாதிரி அமைப்பு. இதுவரை மூன்று வருடப் படிப்பு, ஒரு வருடப் பயிற்சி. டயாலிசிஸ் டெக்னீசியன் வேலை தெரிந்தவர்களுக்குத்தான் அதன் கனம் தெரியும். ஒரு நோயாளிக்கு ஏறக்குறைய நான்கு மணி நேரம். நிமிடத்துக்கு அரை லிட்டர் வீதம் ஒரு தடவைக்கு 120 லிட்டர் திரவம் ரத்தத்தின் பக்கத்தில், ஒரு மெல்லிய சவ்வுக்கு அந்தப் பக்கம் ஓடுகிறது. நடுவில் பிரஷர் சரிந்தால் உடனே பார்க்க வேண்டும். அதே நோயாளிகள் வாரத்தில் இரண்டு மூன்று தடவை, வருடக்கணக்கில் வருவார்கள். குடும்பத்து ஆள் மாதிரி ஆகிவிடுவார்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸ் சேர்ந்திருப்பதால் இந்த வேலைக்குத் தேவை குறையாது. ஆனால் ஊருக்கு ஊர் டயாலிசிஸ் யூனிட் இருக்கும் அளவுக்கு இதயக் குழாய் அடைப்பைப் பார்க்கிற கார்டியாக் கேத் லேப் இருக்காது. குறுகின துறையை எடுக்கும் முன் இதை யோசியுங்கள்.

பார்மஸிக்கு ஒரு தனி வசதி உண்டு. உயிரியல் இல்லாமல் கணக்குப் பிரிவு படித்தவர்களும் பி.பார்ம். சேரலாம். பி.பார்ம். நான்கு வருடம், டி.பார்ம். இரண்டு வருடம். டி.பார்ம். முடித்துப் பிறகு பி.பார்ம். இரண்டாம் வருடத்தில் நேராகச் சேரவும் வழி இருக்கிறது. சொந்தமாக ஒரு தொழில் வேண்டும் என்கிற குடும்பத்துக்கு என் தேர்வு இதுதான். மெடிக்கல் ஷாப் லைசென்சுக்குக் குறைந்தது 10 சதுர மீட்டர் இடமும், பதிவு பெற்ற பார்மசிஸ்ட்டும் வேண்டும். நம்ம பக்கம் சந்துக்குள்கூட அந்த அளவு கடை அமையும். 2025 பிப்ரவரியில் அரசு 1,000 முதல்வர் மருந்தகங்களைத் தொடங்கியபோது பார்மஸி படித்தவர்களுக்குத் தொழில் தொடங்க 3 லட்சம் ரூபாய் மானியம் என்று அறிவித்தது. பி.பார்ம். இருந்தால் மருந்து ஆய்வாளர் பணிக்கும் தகுதி வரும், டி.பார்மில் அது வராது.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். படித்து முடித்ததும் "சர்டிஃபிகேட்டைக் கொடு, மாதம் இவ்வளவு தருகிறேன், கடைக்கு வரவே வேண்டாம்" என்று கேட்டு வருவார்கள். கொடுக்காதீர்கள். அந்தக் கடையில் தப்பு மருந்து போனால் பதில் சொல்ல வேண்டிய ஆள் நீங்கள்தான், பதிவே பறிபோகலாம்.

ஃபிசியோதெரபி எனக்கு மிகவும் மரியாதை உள்ள துறை. பக்கவாதம் வந்து கை தூக்க முடியாதவர் மாதக்கணக்கான பயிற்சியில் டம்ளரைப் பிடிப்பதை ஸ்டான்லி மாதிரி இடங்களில் பார்க்கலாம். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ஃபிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே போகிறார். ஆனால் காசு விஷயத்தில் இது பொறுமை கேட்கிற படிப்பு. நான்கரை வருடமாக இருந்தது. இந்த மாதிரித் துணை மருத்துவப் படிப்புகளுக்கான தேசிய ஆணையத்தின் புதிய பாடத்திட்டத்தில் ஐந்து வருடமாக நீள்கிறது. அதற்கப்புறமும் ஆரம்பச் சம்பளம் குறைவு. முதுகலை படித்தோ சொந்த கிளினிக் வைத்தோதான் நிமிர முடியும். வீட்டில் இன்னொரு சம்பளம் இருந்தால் தாராளமாக எடுங்கள். அப்பா ஒருவர் காசிமேட்டில் படகுக்குப் போய்ச் சம்பாதித்து மூன்று பிள்ளைகளைப் படிக்க வைக்கிற வீட்டில், மூத்த பிள்ளைக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன்.

ஆப்டோமெட்ரி என்கிற கண் பார்வைப் பரிசோதனைப் படிப்பு, பேச்சு மற்றும் கேட்புப் பயிற்சி இரண்டும் நம் வீடுகளில் யாருக்கும் தெரிவதே இல்லை. இடம் கொஞ்சம், படித்தவர்களும் கொஞ்சம். கண்ணாடிக் கடை, கண் மருத்துவமனை, காது கேளாத குழந்தைகளுக்கான மையம் என்று வேலை இருக்கிறது. கவுன்சலிங்கில் வந்தால் தட்டிக்கழிக்காதீர்கள்.

இனி டிகிரியா, டிப்ளமோவா என்ற கேள்வி. டிகிரிதான் உயர்ந்தது என்று எல்லோரும் சொல்வார்கள். தனியார் வேலை, வெளிநாடு, மேல்படிப்பு மூன்றுக்கும் அது சரி. அரசு வேலையில் நிலைமை வேறு. லேப், எக்ஸ்ரே, டயாலிசிஸ் பணியிடங்களுக்கு மருத்துவக் கல்வி இயக்ககத்தின் கீழ் நடக்கும் டிப்ளமோவையோ சான்றிதழ் படிப்பையோதான் எம்ஆர்பி அறிவிப்புகளில் அடிப்படைத் தகுதியாகக் கேட்டிருக்கிறார்கள். அரசு வேலைதான் குறி என்றால், எம்ஆர்பி இணையதளத்தில் பழைய அறிவிப்புகளை எடுத்து, தகுதி என்ற பகுதியை வரி வரியாகப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். படிப்பின் பெயர், யார் நடத்தியது, எத்தனை வருடம் என்று எல்லாம் அதில் இருக்கும்.

எனக்குக் கோபம் வருகிற விஷயம் ஒன்று உண்டு. மாடிப்படி ஏறினால் இரண்டு அறை, ஒரு எலும்புக்கூடு, சுவரில் வெள்ளைக் கோட்டு போட்ட பெண்ணின் படம். "ஒரு வருடத்தில் நர்ஸ், 100 சதவீதம் வேலை" என்று பிட் நோட்டீஸ். பத்தாம் வகுப்போடு நிற்கிற, அப்பா அம்மா படிக்காத பிள்ளைகள்தான் இங்கே வந்து மாட்டுகிறார்கள். தங்கத்தை அடகு வைத்துப் பணம் கட்டிவிட்டு, கடைசியில் கவுன்சில் பதிவே செய்ய முடியாமல், சின்ன ஆஸ்பத்திரியில் ஆயா சம்பளத்துக்கு நர்ஸ் வேலை பார்க்கிறார்கள். நர்ஸிங் என்றால் நர்ஸிங் கவுன்சில், பார்மஸி என்றால் இந்திய பார்மஸி கவுன்சில், மற்றவற்றுக்கு எம்ஜிஆர் மருத்துவப் பல்கலைக்கழகம் அல்லது மருத்துவக் கல்வி இயக்ககம். இந்தப் பட்டியல்களில் கல்லூரியின் பெயர் இருக்கிறதா என்று பார்க்காமல் ஒரு ரூபாயும் கட்டாதீர்கள். மற்ற துறைகளுக்கு 2021 சட்டத்தின்படி தேசிய ஆணையம் ஒன்று வந்துவிட்டது. பதிவு முறை அதன் கீழ் வருகிறது, விதிகள் இறுகும். தபால் வழியில் இந்தப் படிப்புகளை நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2025-இல் சொல்லிவிட்டது.

பண விஷயத்தில் அரசு ஒதுக்கீடு, மேனேஜ்மென்ட் ஒதுக்கீடு என்ற வித்தியாசம் முக்கியம். கவுன்சலிங் வழியாகத் தனியார் கல்லூரியில் சேர்ந்தாலும் கட்டணம் அரசு நிர்ணயித்ததுதான். ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை, குடும்ப வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருந்தால் கிடைக்கும். மேனேஜ்மென்ட் ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கிடைக்காது. "இப்பவே சீட் போட்டுக்கோங்க, கவுன்சலிங் எதுக்கு" என்று கல்லூரி ஆட்கள் போன் செய்வது அதனால்தான். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் புதுமைப் பெண் திட்டத்தில் வரும். அந்தத் திட்டம் 2022 செப்டம்பரில் நம்ம பாரதி மகளிர் கல்லூரியில்தான் தொடங்கியது. பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன். மெட்ரோ செலவுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் அந்தப் பணம் தாங்கும்.

தனியார் கல்லூரி என்றால் சேரும் முன் நேரில் போய்ப் பாருங்கள். கட்டடத்தைப் பார்க்க வேண்டாம். வார்டு போஸ்டிங் எந்த ஆஸ்பத்திரியில், வாரத்தில் எத்தனை நாள், பஸ் எத்தனை மணிக்குக் கிளம்பும் என்று மூன்றாம் வருட மாணவிகளிடம் தனியாகக் கேளுங்கள். அலுவலகத்தில் கேட்டால் வேறு பதில் வரும். எண்ணூரிலிருந்து நகரத்தின் மறு கோடியில் உள்ள கல்லூரிக்குத் தினமும் போய் வருகிற பிள்ளை, நைட் போஸ்டிங் வரும்போது தாங்காது. ஒரிஜினல் சான்றிதழ்களைக் கல்லூரி வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது என்று 2018-லேயே யுஜிசி உத்தரவு இருக்கிறது. சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தரச் சொல்லுங்கள்.

இத்தனையும் கேட்டுவிட்டு "நீங்களே சொல்லுங்கக்கா" என்பவர்களுக்கு என் வரிசை இது. மனிதர்களோடு பழகத் தெரிந்த, வெளிநாடு போகத் துணிவுள்ள பிள்ளைக்கு நர்ஸிங். அமைதியான, கவனமான பிள்ளைக்கு முதலில் ரேடியோகிராபி, அது வராவிட்டால் லேப். சொந்தக் கடை வைக்க இடமும் கொஞ்சம் முதலும் இருக்கும் வீட்டுக்குப் பார்மஸி. பிள்ளைக்கே ஃபிசியோ மேல் உண்மையான ஆசை இருந்து, ஐந்து வருடம் வீடு தாங்கும் என்றால் அது. நர்ஸிங்கும் ரேடியோகிராபியும் சமமாகப் பிடித்திருந்தால், எது அரசுக் கல்லூரியில் கிடைக்கிறதோ அதை எடுங்கள்.

விண்ணப்பம் மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழு இணையதளத்தில் வரும், தேதி தவறவிடாதீர்கள். சேர்க்கை விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறுகின்றன, குறிப்பாக ஃபிசியோவில். அந்த ஆண்டின் விளக்கக் குறிப்பேட்டை முழுசாகப் படியுங்கள். சாதிச் சான்றிதழ், இருப்பிடச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று எல்லாவற்றையும் ரிசல்ட்டுக்கு முன்னாலேயே இ-சேவை மையத்தில் வாங்கி வையுங்கள். விருப்பக் கல்லூரிகளைப் பதியும்போது நாலு கல்லூரிப் பெயரை மட்டும் போட்டுவிட்டு நிறுத்தாமல், சென்னையில் உள்ள அரசு இடங்கள், செங்கல்பட்டு, அப்புறம் ஆஸ்பத்திரி நன்றாக ஓடுகிற தனியார் கல்லூரிகள் என்று நீளமாகப் போட்டு வையுங்கள். முதல் சுற்றில் பார்மஸி வந்து, பிள்ளைக்கு நர்ஸிங்தான் வேண்டும் என்றால், அடுத்த சுற்றில் இன்னும் விருப்பமான இடத்துக்கு மாறுகிற மேல்நோக்கிய நகர்வுக்கு அந்த ஆண்டு என்ன விதி என்று பார்த்துவிட்டுக் கையில் வந்த இடத்தை விடுவதா என்று முடிவு செய்யுங்கள்.